இந்த வீட்டை யார் கூட்டியது?

பத்து வருடம் இருக்கும். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறை. லைசென்ஸ் எடுத்த புதிது. அப்பாவின் பழைய புரோட்டோன் காரில் பாட்டியை ஏற்றிக்கொண்டு லாபுவிலிருந்து ஸ்ரீ மெனாந்திக்குப் போனேன். ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் 74 வயதுவரை பாட்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. லாபுவில் பிறந்து, லாபுவிலேயே பால்மரம் வெட்டி, கடைசிப் பன்னிரண்டு வருடம் துரை பங்களாவில் வீட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த பெரிய வீடு அந்த பங்களாதான்.

பழைய அரண்மனைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். நான்கு மாடி, கறுத்த மரம், தூண் தூணாகச் செதுக்கிய கொடியும் பூவும், உச்சியில் கோபுரம் மாதிரி ஒரு கூரை. நான் இணையத்தில் படித்துவிட்டு வந்ததையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கினேன். தொண்ணூற்றொன்பது தூண், ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, அப்படி இப்படி என்று. பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிய்யா. இம்மாம் பெரிய வூட்டை யாரு கூட்டித் தொடச்சது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரித்திரம் பார்க்க வந்த இடத்தில் விளக்குமாற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று. அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு நான் வெட்கப்பட்டேன். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் புத்துஸ் என்றொரு கணவாய் இருக்கிறது. இப்போது அகலமான சாலை, ஏறுவது தெரியாமல் ஏறி இறங்கிவிடலாம். 1875 டிசம்பர் 20 அன்று அந்தக் காட்டுப் பாதையில் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் மரத்தடுப்பு போட்டுக் காத்திருந்தார்கள். அதைத் தாண்டி முதலில் குதித்தவர் கேப்டன் ஜார்ஜ் சானர் என்ற ஆங்கில அதிகாரி. அவருக்குப் பின்னால் போனவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூர்க்காக்கள். தடுப்புக்கு உள்ளே இருந்தவர்கள் அந்த நேரத்தில் காவல் வைக்காமல் சமைத்துக்கொண்டிருந்தார்களாம். சானருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தப் படையெடுப்பின்போதுதான் ஸ்ரீ மெனாந்தியில் முன்பு இருந்த அரண்மனை எரிக்கப்பட்டது. ஆக, இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கும் இந்த அரண்மனைக்கும் இடையிலான பழக்கம் நல்லவிதமாகத் தொடங்கவில்லை. கூர்க்காக்களை 'நாம்' என்று சேர்த்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. அன்றைய கம்பத்துக்காரர்கள் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்கள்.

நெகிரி செம்பிலானின் அரச முறை மற்ற மாநிலங்களைப் போல அல்ல. மினாங்கபாவ் மக்கள் குடியேறிய நாடு. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் எனப்படும் தலைவர்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் அரசரான ராஜா மெலாவார் 1773-இல் சுமத்ராவின் பாகாருயோங்கிலிருந்து அழைத்துவரப்பட்டவர். எங்கள் லாபு, சுங்கை ஊஜோங்கின் கீழ் வருகிற இடம். இதைப் பள்ளியில் படித்தேன், பரீட்சை எழுதினேன், ஆனால் நான் நிற்கிற மண் அந்தக் கணக்கில் சேர்ந்தது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எங்களுக்குத் தோட்டம்தான் நாடு. கிராணி, தண்டல், துரை. இவர்கள்தான் உண்டாங்கும் ராஜாவும்.

அந்தா 1888-இல் இறந்த பிறகு அவர் மகன் துவாங்கு முகமது பட்டத்துக்கு வந்தார். அப்போது அதிகாரம் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1898 ஒப்பந்தத்தில்தான் முழு நெகிரி செம்பிலானுக்கும் அவர் யாங் டி பெர்துவான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நான்கு வருடம் கழித்து, 1902-இல், இந்த மர அரண்மனையின் வேலை தொடங்கியது. 1908-இல் முடிந்தது. அப்பா காலத்தில் எரிந்த வீட்டுக்குப் பதிலாக மகன் கட்டிய வீடு என்று பார்த்தால் அந்த உயரம் ஏன் என்று புரிகிறது. 1931-இல் பக்கத்தில் புது அரண்மனை கட்டிக் குடிபோகும்வரை அரச குடும்பம் இங்கேதான் இருந்தது. 1992 முதல் இது அரச அரும்பொருளகம்.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். மர வேலை என் பாடம் இல்லை. ஆனால் இரண்டு பாகங்களை எப்படி இணைப்பது என்பதுதான் என் அன்றாடத் தொழில் என்பதால், அன்றைக்கு அந்த வீட்டில் நான் அதிகம் பார்த்தது மூலைகளைத்தான். செங்கால் மரம். அடித்தாலும் ஆணி சுலபத்தில் இறங்காத மரம். ஒரு மரத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, இன்னொன்றில் அதே அளவுக்குத் துளை போட்டு, உள்ளே செருகி, குறுக்கே மர முளையை அறைந்து, இடைவெளியில் ஆப்பு வைத்து இறுக்குகிறார்கள். இதை மந்திரம் மாதிரிப் பேசுபவர்கள் உண்டு. மந்திரம் ஒன்றும் இல்லை. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். இரும்பு ஆணி துருப்பிடித்தால் பருக்கும், சுற்றியிருக்கும் மரத்தைப் பிளக்கும். மர முளை அப்படி இல்லை. வீடு ஊறினால் அதுவும் ஊறும், வீடு காய்ந்தால் அதுவும் காயும். பெரிய காற்றடித்தால் மூட்டுகள் ஒரு நூல் அசைந்துவிட்டுப் பழையபடி உட்காரும். நடுவில் இருக்கிற நான்கு பெருந்தூண்கள் தரையிலிருந்து உச்சிவரை இருபது மீட்டருக்கு ஒரே மரமாக ஏறுகின்றன. அந்த நான்கின் மேல்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது என்று சொல்லலாம்.

ஆணியில்லாத வீட்டில் இன்னொரு வசதியும் உண்டு, கழற்றலாம். இதே மாநிலத்தில் அதற்குச் சாட்சி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அம்பாங் திங்கி அரண்மனையை 1953-இல் பாகம் பாகமாகக் கழற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுவந்து மறுபடியும் பூட்டினார்கள். பிறகு அதை இன்னொரு முறையும் நகர்த்தி, இப்போது மாநில அரும்பொருளக வளாகத்தில் நிற்கிறது. கழற்றினாலும் வீடாகவே இருக்கிற வீடு! நாங்கள் இருந்த லயத்தைப் புல்டோசரால் தள்ளியபோது அரை நாள்கூட ஆகவில்லை. பலகையும் தகரமும் தனித்தனியாகக்கூட விழவில்லை.

ஸ்ரீ மெனாந்தியை வடிவமைத்த தச்சர்கள் என்று இரண்டு பெயர்கள் எப்போதும் சொல்லப்படுகின்றன. காஹார், தாயிப். தொண்ணூற்றொன்பது தூண்களும் அந்தக் காலத்து தொண்ணூற்றொன்பது போர்வீரர்களைக் குறிப்பவை என்று ஒரு விளக்கமும் உண்டு. வீரர்களுக்குத் தூண், ஆசாரிகளுக்குப் பெயர். அந்தத் தூண்களைக் காட்டிலிருந்து இழுத்து வந்தவர்களுக்கு?

பாட்டியால் முதல் மாடிக்கு மேல் ஏற முடியவில்லை. முழங்கால். நான் மட்டும் போய்ப் பார்த்து வந்து சொன்னேன். வரவேற்புக் கூடம், மேலே குடும்பத்தாரின் படுக்கையறைகள், அதற்கும் மேலே அரசருக்கான தனியறை, உச்சியில் பத்திரங்களும் பொக்கிஷங்களும் வைக்கிற சின்ன அறை. மஞ்சள் துணி, குறுவாள், பட்டாடை, சாப்பாட்டு மேசை. கீழே திரும்பி வந்தபோது பாட்டி ஒரு புகைப்படத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"இவரு நோட்டுல இருக்கறவருல்ல?"

அவரேதான். துவாங்கு அப்துல் ரஹ்மான், துவாங்கு முகமதுவின் மகன், 1957-இல் நாட்டின் முதல் மாமன்னர். 1895-இல் பிறந்தவர். இந்த வீடு கட்டி முடிந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. 1967-இலிருந்து நம் ரிங்கிட் நோட்டு ஒவ்வொன்றிலும் இருப்பது அவர் முகம். முப்பது வருடம் சம்பள நாளில் எண்ணி எண்ணி வாங்கிய முகம் பாட்டிக்கு அது. "இவரு வூடா இது" என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அதுவரை அது யாரோ ஒருவரின் வீடாக இருந்தது.

அரண்மனை வேலை நடந்த அதே ஆறு வருடங்களில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். காப்பித் தோட்டங்கள் ரப்பராக மாறிய காலம். ஆள் போதவில்லை. 1907-இல் இந்தியக் குடிவரவுக் குழு அமைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் கப்பல் ஏற்றிக் கொண்டுவருவார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி முறை பெருகியது. பாட்டியின் அப்பா அப்படிச் சேலம் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியோடு வந்தவர். எந்த வருடம், எந்தக் கப்பல், கூட யார், ஒன்றும் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு அரசர் ஒரு ஆணிகூட இல்லாமல் வீடு கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு சமூகமே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மாநிலம், ஒரே காலம். நம் பாடப்புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு அத்தியாயம்.

படிப்பு முடித்துச் சிரம்பான் பக்கத்தில் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த மாதிரித் தொழிற்சாலைகளில்தான் இருக்கிறார்கள். இரண்டாம் வருடம் மூன்று வாரப் பயிற்சிக்கு என்னைச் சுவோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். முதல் ஞாயிறு, கூட வேலை பார்க்கும் கொரிய நண்பர் சோலுக்கு அழைத்துப் போனார். கியோங்போக்குங் அரண்மனை, அதன் வளாகத்திலேயே இருக்கிற தேசிய அரண்மனை அரும்பொருளகம்.

கியோங்போக்குங்கின் கதையும் தீயில்தான் தொடங்குகிறது. 1395-இல் கட்டியது. 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. இருநூற்றெழுபது வருடத்துக்கு மேல் பாழாகக் கிடந்து 1860களில்தான் மறுபடி எழுந்தது. 1910-இல் கொரியாவை விழுங்கிய ஜப்பான், அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்து, சிம்மாசன மண்டபத்துக்கு நேர் முன்னால் தன் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு பிரம்மாண்டமான கட்டடம் கட்டி 1926-இல் திறந்தது. கொரியர்கள் அதை இடித்துத் தள்ள 1990கள் ஆனது. அரும்பொருளகம் 2005 ஆகஸ்ட் 15, ஜப்பானியரிடமிருந்து விடுபட்ட நாளில் திறக்கப்பட்டது. அந்தத் தேதியைத் தற்செயலாக எடுத்திருக்க மாட்டார்கள்.

சூரியனும் சந்திரனும் ஐந்து மலைகளும் வரைந்த சிம்மாசனத் திரை, முத்திரைகள், பல்லக்குகள், அரசர் குடும்பத்தின் ஆடைகள், இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்துவிட்டேன். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு தண்ணீர்க் கடிகாரம். 1434-இல் சேஜோங் அரசருக்காகச் செய்ததன் மறு ஆக்கம். பெரிய பானையிலிருந்து சின்னப் பானைக்குத் தண்ணீர் சீராக இறங்க, மிதவை எழுந்து உருண்டைகளைத் தட்டிவிட, அவை உருண்டுபோய் பொம்மைகளை இயக்க, பொம்மைகள் மணியும் முரசும் அடிக்கும். தானியங்கி! செய்தவர் ஜாங் யோங்-சில். அரசு அடிமையாகப் பிறந்தவர், கைத்திறனால் அரசவை அதிகாரி ஆனவர். 1442-இல் அவர் மேற்பார்வையில் செய்த அரசரின் பல்லக்கு உடைந்துபோனது. அதில் அரசர் இன்னும் ஏறக்கூட இல்லை. தடியடித் தண்டனை, பதவி நீக்கம். அதற்குப் பிறகு ஏடுகளில் அவர் இல்லை. ஒரு பாகம் சரியில்லை என்றால் எங்கள் லைனில் அறிக்கை எழுதச் சொல்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

பிறகு உய்க்வே. ஜோசொன் அரசவை ஒரு திருமணமோ, சாவோ, கட்டட வேலையோ நடந்தால் எல்லாவற்றையும் எழுதி, படம் வரைந்து புத்தகமாக வைத்துவிடும். அந்தப் புத்தகத்தின் பெயர்தான் உய்க்வே. என்ன செய்தோம், என்ன சாமான், எவ்வளவு செலவு, யார் யார் வேலை செய்தார்கள், எல்லாம். அடுத்த முறை செய்பவன் இதைப் பார்த்துச் செய்யட்டும் என்பது நோக்கம். 1866-இல் பிரெஞ்சுக் கடற்படை ஒரு தீவுக் களஞ்சியத்திலிருந்து இவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைத் தூக்கிக்கொண்டு போனது. பாரிஸ் தேசிய நூலகத்தில் வேலை பார்த்த பாக் பியோங்-சொன் என்ற கொரியப் பெண்மணி 1970களில் அவற்றைக் கண்டுபிடித்தார். 2011-இல் 297 தொகுதிகள் திரும்பி வந்தன, அதுவும் புதுப்பிக்கக்கூடிய இரவல் என்ற பெயரில். அவனுடையதைத் திருடி அவனுக்கே இரவல்! அதே வருடம் ஜப்பானும் 1,205 தொகுதிகளைத் திருப்பிக் கொடுத்தது. அதில் உய்க்வேக்களும் உண்டு.

கண்ணாடிக்குள் ஒரு ஊர்வலப் படம் திறந்து வைத்திருந்தார்கள். குதிரைக்காரர், குடை பிடிப்பவர், பல்லக்குத் தூக்குபவர் என்று வரிசை வரிசையாகச் சின்ன மனிதர்கள். நான் நண்பரிடம் பாட்டியின் கேள்வியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீ தினமும் சாயங்காலம் நடக்கிறாயே, அந்தக் கோட்டைச் சுவருக்கும் ஒரு உய்க்வே இருக்கிறது. நாளைக்கு வா" என்றார்.

சுவோனில் இருக்கும் ஹ்வாசொங் கோட்டை ஜோங்ஜோ அரசர் கட்டியது. 1794-இல் தொடங்கி 1796-இல் முடித்தார்கள். சுவர் மட்டும் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல். அதன் உய்க்வே 1801-இல் அச்சானது. அதில் கல் தூக்கும் கப்பி இயந்திரத்தின் படம், பாகம் பாகமாகப் பிரித்து வரைந்தது, இன்றைக்கும் பார்த்துச் செய்யலாம். கொரியப் போரில் கோட்டை பலமாக அடிபட்டபோது, 1970களில் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் மறுபடி கட்டினார்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் நண்பர் எனக்குக் காட்ட நினைத்தது படங்களை அல்ல, பெயர்ப் பட்டியலை. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட கைவினைஞர்கள். கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர், சுண்ணாம்பு பூசுபவர் என்று தொழில்வாரியாக. எந்த ஊர், எத்தனை நாள் வேலை. பலருக்கு முறையான பெயர்கூட இல்லை. பெரியவன், சின்னவன் என்ற மாதிரி ஊரில் கூப்பிடுகிற பெயரையே எழுதியிருக்கிறார்கள். நாள் கணக்கில் அரை நாளைக்கூட விடவில்லை. அதற்கும் கூலி. "இதோ, இங்கே பார், அரை" என்று நண்பர் ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அரை நாள் என்றதும் எனக்குக் கேட்டது பாட்டியின் குரல்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். விடியற்காலை பெரட்டுக்குப் போய் நின்றால் பேர் கூப்பிடுவார்கள். வேலை முடித்தால் 'பேர் போட்டாச்சு'. பாதியில் மழை வந்து மரம் நனைந்துவிட்டால், "அன்னிக்கு அரைப்பேருதான்யா" என்பார் பாட்டி. கிராணி ஒரு நீளமான புத்தகத்தில் இதை எழுதுவார், செக்ரோல். இடது பக்கம் பெயர், மேலே தேதி, கட்டத்துக்குள் ஒன்று அல்லது அரை. மாதக் கடைசியில் கூட்டி, ரேஷனுக்கும் முன்பணத்துக்கும் கழித்து, சம்பளம். அதாவது எங்களிடமும் உய்க்வே இருந்தது. ஜோங்ஜோ அரசரின் எழுத்தர்கள் மூன்று வருடம் எழுதியதை எங்கள் கிராணிகள் எழுபது, எண்பது வருடம், ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

இதை உணர்ச்சிவசப்பட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் கணக்குப் புத்தகங்கள்தான். ஹ்வாசொங்கில் தொழிலாளி மீது பாசம் பொங்கிப் பெயரை எழுதவில்லை, செலவுக்குக் கணக்கு காட்ட எழுதினார்கள். செக்ரோலும் அப்படியே. நாள் கூலியைத் தவிர வேறொன்றும் அதில் இருக்காது. வித்தியாசம் எழுதியதில் இல்லை, வைத்துக்கொண்டதில் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணி ஒருவரைத் தேடிப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. செம்பனையாகி, பிறகு பாதி நிலம் தாமானாகிவிட்டது. ஒரு காலத்தில் லாபுவுக்கு விமான முனையமே வரப்போகிறது என்றார்கள், 2009 ஜனவரியில். சில வாரத்திலேயே அதுவும் கைவிடப்பட்டது. கிராணி தாத்தாவுக்குக் காது மந்தம். இரண்டு முறை கேட்ட பிறகு சொன்னார்:

"செக்ரோலா? ஆபீஸ் காலி பண்ணும்போது ஸ்டோருக்குப் பின்னால டிரம்ல போட்டு கொளுத்திட்டோம்யா. மூணு நாளு எரிஞ்சிச்சு. ஏழு வருஷத்துக்கு மேல வைக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு, "ஏன், உங்க பாட்டிக்கு ஏதும் பாக்கி வரணுமா?" என்றும் கேட்டார்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய கையெழுத்தும்தானே அந்த டிரம்மில் எரிந்தது. பாட்டியிடம் மிஞ்சியிருப்பது பிஸ்கட் டின்னில் ஒரே ஒரு சம்பளச் சீட்டு. 1974 என்று மட்டும் தெரிகிறது, மாதத்தின் மேல் எண்ணெய்க் கறை. இருபத்துமூன்று பேர், மூன்று அரைப்பேர்.

ஹ்வாசொங் பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பாட்டிக்குக் காட்டினேன். இப்போது அவருக்கு 84. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ராஜா வீட்டுப் புத்தகத்தில் கல்லுடைத்தவன் பேரெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதுல அரைப்பேரு எது?"

நண்பர் தொட்டுக் காட்டிய எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தலையாட்டினார்.

அன்றிரவே கணினியில் எக்செல் திறந்தேன். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் லயம், மூன்றாவதில் வேலை, நான்காவதில் வருடம். முதலில் துரை பங்களா. யார் கூட்டியது, யார் துணி துவைத்தது, யார் சமைத்தது, யார் புல் வெட்டியது. பாட்டி சொல்லச் சொல்ல அடித்தேன். சிலருக்கு நல்ல பெயர் அவருக்கே ஞாபகமில்லை. 'நெட்டையன்', 'மேட்டு லயத்துக்காரி', 'சின்னதுரை வீட்டு ஆயா' என்று அப்படியே போட்டிருக்கிறேன். இதுவரை நாற்பத்தொன்று. வருகிற ஆடி மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் கிள்ளானிலிருந்தும் நீலாயிலிருந்தும் வருவார்களாம். மடிக்கணினி வேண்டாம், நோட்டுப் புத்தகம் எடுத்துவா என்றிருக்கிறார் பாட்டி. கணினியைப் பார்த்தால் யாரும் பேச மாட்டார்களாம்.